பட்டனில் சந்தனம்

சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டருக்குள் விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. அடுத்த மூச்சுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

ரகு மறுபடி போட்டான். மறுபடி அதே கூத்து.

காலையில்தான் ஒக்கலிபுரம் வீட்டைக் காலி செய்து, பொம்மனஹள்ளியில் தங்கை வீணாவின் வீட்டுக்குச் சாமான்களோடு வந்திருந்தான். டெம்போவில் குலுங்கிக் குலுங்கி வந்த கண்ணாடி பீரோவுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பெட்டிக்குத்தான் ரோஷம்.

"அண்ணா, போட்டோ கடைக்காரரு மறுபடி போன் பண்ணாரு. இப்ப குடுத்தாத்தான் காலைல ரெடி பண்ணுவாராம்," என்றாள் வீணா.

படம் உள்ளேதான் இருக்கிறது. லால்பாக் மலர்க் கண்காட்சியில், மஞ்சள் புடவையில், மனைவி சிந்து வாய்விட்டுச் சிரிக்கிற படம். அவள் போனிலும் இருக்கிறது. ஆனால் அந்த போன் அவள் விரல் வைத்தால்தான் திறக்கும்.



வயர்களையெல்லாம் பிடுங்கிச் செருகினான். மூடியைக் கழற்றி, ரேம் அட்டையை உருவி, அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தான். இந்த ஊரில் பாதி கம்ப்யூட்டர்கள் ரப்பர் புண்ணியத்தில்தான் ஓடுகின்றன. இது ஓடவில்லை. அவனுக்கு எரிச்சல்கூட வரவில்லை. கொஞ்ச நாளாகவே அவனுக்கு எதுவும் வருவதில்லை. பசிக்கிறது என்பதையே யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்கிறான்.

அவள்தான் குனிந்து பார்த்துக் கண்டுபிடித்தாள்.

"பட்டன் உள்ள போய் மாட்டிக்கிச்சுண்ணா. சந்தனம் காஞ்சு புடிச்சிருக்கு பாரு. ஈரத்துணியால தொடச்சா வந்துரும்."

ஆயுத பூஜைக்கு வைத்தது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. பிரிட்ஜ், மிக்ஸி, ஸ்கூட்டர் என்று எல்லாவற்றுக்கும் சிந்து நெற்றி பார்த்து வைப்பாள். கம்ப்யூட்டருக்குப் பட்டன்தான் நெற்றி என்பது அவள் கட்சி. கெட்டுப்போகும் என்று ரகு வருஷா வருஷம் முனகுவான். அவள் வருஷா வருஷம் வைப்பாள், கொஞ்சம் தாராளமாகவே.

வீணா துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். ரகு கையை நீட்டித் தடுத்தான்.

பட்டனிலிருந்து போர்டுக்குப் போகும் வயரைப் பிடுங்கினான். அது செருகியிருந்த இரண்டு கம்பிகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் சேர்த்துத் தொட்டான். விசிறி சுற்றியது. இந்தத் தடவை நிற்கவில்லை.

மஞ்சள் புடவை திரைக்கு வந்தது. பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். வீணா கடைக்கு ஓடினாள்.

மூடியை மாட்டும்போது பட்டனைப் பார்த்தான். காய்ந்த சந்தனத்தில் மோதிர விரலின் ரேகை கலையாமல் இருந்தது.

நாளை அவளுக்கு மாதக் காரியம். பிரேம் போட்ட படம் வந்துவிடும். மாலை போட்டு, கண்ணாடி மேல் நெற்றி பார்த்து அவன் சந்தனம் வைக்க வேண்டும்.

இதுவரை அது சிந்துவின் வேலை.