அச்சு மை வாசனை

மாமா கடைசியாகப் போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் பாலித்தீன் கவரில் கட்டி வைத்திருந்தாள் அக்கா. மாதம் ஒருமுறை பிரித்து முகர்வாள். அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. மாமா இருந்த காலத்தில், அவர் படியேறும் முன்பே அது வீட்டுக்குள் வந்துவிடும். இன்று காலை வெகுநேரம் சட்டையில் முகம் புதைத்திருந்தவள், "போயிடுச்சுடா. ஒண்ணுமே வரல," என்றாள்.

"வாசனை போகல. மூக்குச் செல்லுல ஏற்பின்னு ஒண்ணு இருக்கு. வாசனை அதுல ஒட்டினாத்தான் மூளைக்குச் சேதி போகும். ஒரே வாசனை வந்துக்கிட்டே இருந்தா செல்லு கண்டுக்காது. கொஞ்ச நேரம் வெளிய நின்னுட்டு வா."

"காலேஜப் பாதியில விட்டவன் பாடம் எடுக்குறான்," என்றபடி போனாள்.

நான் முகர்ந்து பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. மாமா நின்ற அதே அச்சு இயந்திரத்தில் ஆறு வருடமாக ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறேன். என் மூக்கை நம்ப முடியாது. மிச்சமும் போய்விடக்கூடாதென்று கவரை இறுக்கிக் கட்டிப் பீரோவுக்குள் வைத்து மூடினேன். வேலைக்குப் போட்டுப்போன சட்டையை நான் இன்னும் மாற்றவில்லை. அக்கா திரும்பி வந்தாள். என்னைத் தாண்டும்போது நின்று, கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

"இருக்குடா," என்றாள்.