பந்து விழுந்த இடம்

“பந்தைக் காலால தள்ளினியா, இல்லையா?”

“தள்ளினேனுங்க.”

மூக்கன் மறுக்கவில்லை. ஸ்தனிஸ்லாஸுக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டின் மேனேஜர் அவர். ஞாயிறு தவறாமல் கோல்ஃப். டிரைவ் என்கிற அந்த முதல் அடிதான் அவருக்குச் சனியன். நேராகக் கிளம்பும் பந்து பாதியில் வலப்பக்கம் வளைந்து காப்பிச் செடிக்குள் போய் விழும். அது விழுகிற இடத்தைப் பார்த்துச் சொல்ல முன்னால் நிற்பவன் மூக்கன். மற்ற நாட்களில் அவனுக்கு அதே எஸ்டேட்டில் செடிகளின் கிளை வெட்டும் கவாத்து வேலை.

எட்டு மாதம் முன்பு ஸ்தனிஸ்லாஸ் ஒரு புத்தகம் வரவழைத்தார். கட்டைவிரலை இப்படி வை, தோளைத் திருப்பு, தலையைத் தூக்காதே. பங்களா வாசலில் தினமும் நூறு வீச்சு. அதற்குப் பிறகு பந்து புல்லில்தான் கிடந்தது. கிளப்பில் நாலு பேரை நிற்கவைத்து அவரே பாடம் எடுத்தார்.

இன்றைக்கு மூடுபனி சட்டென்று விலகிவிட்டது. மூக்கன் பந்தைக் காப்பிக்குள்ளிருந்து உதைத்து வெளியே தள்ளுவதை அவர் பார்த்தார். கூட ஆடிய மூவரும் பார்த்தார்கள்.

“இது எத்தனாவது பாடம், ஸ்தனிஸ்லாஸ்?” என்றார் ஒருவர்.

ஸ்தனிஸ்லாஸ் மூக்கனிடம் திரும்பினார். “எத்தனை நாளா நடக்குது?”

“எட்டு மாசம் இருக்குமுங்க.”

“நான் கேட்டேனா உன்னை?”

“இல்லீங்க.”

“பின்னே எதுக்கு?”

மூக்கன் தலையைச் சொறிந்தான். “தொரை சந்தோசமா இருந்தா நல்லதுதானுங்களே.”

“காக்கா பிடிக்கறியா? ஆயுசுல ஒரு பந்தை நகர்த்தி வச்சவன் இல்ல நான். இனிமே இங்க மட்டுமில்ல, எஸ்டேட்டுலயும் உன்னைப் பார்க்கக் கூடாது.”

“சரிங்க” என்றான் மூக்கன்.

அடுத்த ஞாயிறு முன்னால் நின்றவன் சித்தன். தொடாதே, விழுந்த இடத்தை மட்டும் சொல் என்று உத்தரவு.

“காப்பிங்க” என்றான் சித்தன். கொஞ்ச நேரம் கழித்து, “இதுவும் காப்பிங்க.”

ஒன்பது டிரைவில் ஏழு காப்பி. கூட ஆடியவர்களுக்குச் சிரித்தே அலுத்துவிட்டது.

மறுநாள் காலை ஆறரைக்கு மஸ்டர், எஸ்டேட் ஆட்களின் வருகைக் கணக்கு. பேர் கூப்பிட ஆரம்பித்த பிறகும் நாலைந்து பேர் பனிக்குள்ளிருந்து ஓடி வருவதுதான் வழக்கம். அன்றைக்கு ஆறேகாலுக்கே நாற்பது பேரும் வரிசையில் நின்றார்கள்.

“என்ன அதிசயம்?” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

கணக்கெழுதும் ரைட்டர் பொன்னுவேல் பேனாவைத் திறந்து மூடினார். வரிசையில் நின்ற பூவாயிதான் பதில் சொன்னாள்.

“நேத்து பந்து காப்பிக்குள்ள போயிருச்சாமுங்களே தொரை.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“அப்படிப் போனா, மறுநா ரெண்டு நிமிசம் பிந்துனாக்கூட ஊட்டுக்குப் போன்னு தொரத்திருவீங்களே. கைப்புள்ளைக்காரி, இந்தக் காமாட்சிய ஒரே மாசத்துல மூணு திங்கக்கெழம தொரத்துனீங்க. மூக்கனுக்குப் பொறுக்கல. அப்புறம் எட்டு மாசம் பந்து புல்லுலதானுங்க கெடந்துச்சு. நீங்களும் ஒருத்தரையும் தொரத்தல. நொம்ப நல்லா இருந்தோமுங்க.”

ஸ்தனிஸ்லாஸ் பொன்னுவேலிடம் திரும்பினார்.

“ஜீப்பை அனுப்பி மூக்கனைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க” என்றார்.

“வியாழக்கிழமையே சம்சாரத்தோட அடிவாரத்துக்கு எறங்கிட்டான் சார்” என்றார் பொன்னுவேல். “அங்கிருந்து எந்த பஸ் ஏறினான்னு யாருக்கும் தெரியல.”

வரிசைக் கடைசியில் காமாட்சி நின்றிருந்தாள். பால் கசிந்து முந்தானை நனைந்திருந்தது. பேர் கூப்பிட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பிள்ளைக்குப் பசியாற்றிவிட்டு வரட்டும் என்று ஸ்தனிஸ்லாஸ் அவள் பக்கம் போனார்.

“வீட்டுக்குப் போம்மா” என்றார்.

காமாட்சி கையெடுத்துக் கும்பிட்டாள். “இன்னிக்கு நான் பிந்தலீங்க தொரை.”