மூன்று சொட்டு

“மூணு சொட்டு தண்ணி மாப்ள. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல.”

“முப்பது கொடம் ஊத்தினாலும் அது ஞானஸ்நானம் ஆவாது மாமா. புள்ள வளந்து, தானா விசுவாசிச்சு, தானா வந்து தண்ணியில முங்கணும்.”

சிதம்பரத்தில் அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், பச்சைக் குழந்தைகளின் ஐ.சி.யூ. வாசலில், மாமனாரும் மருமகனும் காலையிலிருந்து இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். தொண்டை வறண்டதே தவிர வழக்கு நகரவில்லை. உள்ளே கண்ணாடிப் பெட்டியில், ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பேரன் வாயில் குழாயோடு கிடந்தான். ஒரு கிலோ நூறு கிராம். இரண்டு நாள் தாண்டட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

சார்லஸ் கடலூர் முதுநகர்க்காரர், பரம்பரைக் கத்தோலிக்கர். மருமகன் ஜெயசீலன் கொள்ளிடம் ஆற்றில் முங்கி ஞானஸ்நானம் எடுத்த சபைக்காரன். கல்யாணம் கோயிலிலா, சபையிலா என்று ஆரம்பித்த சண்டை, மூன்று வருடமாக ஒரு கிறிஸ்துமஸைக்கூட நிம்மதியாக விட்டதில்லை.

“ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா?” சார்லஸ் குரலைத் தாழ்த்தினார். “தண்ணி படாம போனா அந்த ஆத்துமா எங்க போவும் மாப்ள?”

“கர்த்தர் பக்கத்துல சிலுவையில தொங்குன கள்ளனுக்கு யாரு தண்ணி ஊத்தினா? அவன் பரலோகம் போவலயா?”

“அவன் வாயத் தொறந்து கேட்டான். இவன் வாயிலதான் குழாயச் சொருகி வெச்சிருக்காங்களே.”

ஜெயசீலன் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டான்.

உள்ளே பெற்றவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. மகள் சிந்துஜாவோ ஆபரேஷன் முடிந்து கீழ் வார்டில் படுத்திருந்தாள். வேறு வழியில்லாமல் சார்லஸ் நர்ஸ் மோகனப்பிரியாவைப் பிடித்தார்.

“நீங்களாவது ஊத்துங்கம்மா. நெத்தியில மூணு சொட்டு. ‘பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேரால உனக்கு ஞானஸ்நானம் குடுக்குறேன்’னு சொன்னா போதும்.”

“ஐயா, நான் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவ.”

“பரவால்ல. உசுருக்கு ஆபத்துன்னா யாரு வேணா குடுக்கலாம், எந்தத் தண்ணியும் ஆவும். எங்க கோயில் சட்டமே அதான்.”

“பச்சப்புள்ளைக்கு என்னங்கய்யா பாவம்? எதுக்கு இவ்ளோ பயப்படுறீங்க?”

சார்லஸ் இதுவரை மகளிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னார்.

“சிந்துவுக்கு முன்னாடி எனக்கு ஒரு பையன். பொறந்து ஒரு மணி நேரம் இருந்தான். சாமியாரைக் கூட்டியார சைக்கிள்ல ஓடுனேன். வர்றதுக்குள்ள போயிட்டான். வீட்டுல பானை நெறையத் தண்ணி இருந்துச்சும்மா. நானே ஊத்தலாம்னு அப்பத் தெரியாது. முப்பத்தோரு வருசமா அவன் எங்க இருக்கான்னு தேடிக்கிட்டு இருக்கேன்.”

“பாக்குறேங்கய்யா,” என்று அவள் உள்ளே போனாள்.

மதியம் மூன்று மணிக்குக் குழந்தைக்கு மூச்சுத் தடுமாறியது. டாக்டர்கள் ஓடினார்கள். ஜெயசீலனையும் உள்ளே கூப்பிட்டார்கள். சார்லஸ் வெளியே செபமாலையை உருட்டியபடி நின்றார். ரொம்ப நேரம் கழித்து மோகனப்பிரியா எட்டிப் பார்த்தாள்.

“மூச்சு பரவால்லங்கய்யா. நீங்க கேட்டதும் ஆயிடுச்சு.”

சார்லஸ் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நாற்பது நாள் போனது. ஒரு கிலோ எண்ணூறு கிராமோடு பேரன் வீட்டுக்குக் கிளம்பினான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, சார்லஸுக்கு மட்டும் ஒளித்து வைத்தது நெஞ்சை அரித்தது. இது தெரிந்தால் மருமகன் பிள்ளையைக் கடலூர்ப் பக்கமே விடமாட்டான். ஆனாலும் மறைத்து வைத்துக்கொண்டு எப்படி அந்தப் பிள்ளையைக் கொஞ்சுவது? மகள் காரில் ஏறியதும், குழந்தையோடு நின்ற ஜெயசீலனை ஓரமாக அழைத்தார்.

“மாப்ள, உங்களுக்குத் தெரியாம நர்ஸம்மாவ வெச்சுப் புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டேன். தப்புதான். என்ன வேணா திட்டுங்க.”

ஜெயசீலன் குழந்தையின் குல்லாவை இழுத்துவிட்டான்.

“நர்ஸம்மா ஊத்தல மாமா. பெத்தவன் சம்மதம் இல்லாம செய்யக்கூடாதுன்னு என்கிட்ட வந்துட்டாங்க. உங்க மூத்த பையனைப் பத்தியும் சொன்னாங்க. கள்ளனுக்கே எடம் குடுத்தவரு என் மச்சானுக்குக் குடுக்காமலா இருப்பாரு? இனிமே அவரைத் தேடாதீங்க மாமா.”

சார்லஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, பயந்து பயந்து கேட்டார். “அப்ப, இவனுக்கு ஊத்தவே இல்லயா?”

“ஊசி மருந்து கலக்குற தண்ணிய சிரிஞ்சில எடுத்து என் கையில குடுத்தாங்க,” என்றான் ஜெயசீலன். “ஒரு சொட்டு நெத்தி தப்பி மூக்குல வுழுந்துடுச்சு. உங்களாட்டம் ‘சுதன்’னும் வாயில வரல, எங்க சபையில சொல்றாப்ல ‘குமாரன்’னுதான் சொன்னேன். அது செல்லுமா மாமா?”