கடைசி மடக்கு

சங்கு பிள்ளையின் தலையை இரண்டாம் முறை சுற்றி வரும்போது டாக்டரம்மா தாயின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. மாத்திரையை எப்படிக் கொடுக்கிறாய், செய்து காட்டு என்றார்கள். காட்டினாள். பொடித்தாள். தாய்ப்பாலில் கரைத்தாள். சங்கில் ஊட்டினாள். கடைசி மடக்கை மிச்சம் வைத்து, தலையைச் சுற்றி, வாஷ்பேசினில் கொட்டப் போனாள்.

"கடைசி மடக்கப் பிள்ளைக்குக் குடுக்கக் கூடாதுங்க. கண்ணு படும்."

டாக்டரம்மா சங்கை வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்தார்.

பால் விலகியது.

அடியில் வெள்ளையாக மாவு.

மாத்திரை.

பிறந்த வாரமே, குதிகாலில் குத்தி எடுத்த ரத்தம் சொல்லிவிட்டது. பிள்ளைக்குத் தைராய்டு சுரக்கவில்லை. மாத்திரை உள்ளே போகாவிட்டால் மூளை வளராது. ஒரு நாள்கூட அவள் தப்பவிட்டதில்லை.

ஆனாலும் ஏழு மாதத்தில் கழுத்து நிற்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. அளவைக் கூட்டினார்கள். மறுபடியும் கூட்டினார்கள்.

மடியில் போட்டுக்கொண்டு பிள்ளையையே பார்த்திருப்பாள். பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்கா சிரிப்பாள்.

"முழுங்கற மாதிரி பாக்காதடி. ஊர்க்கண்ண விடு, பெத்தவ கண்ணுதான் பொல்லாதது."

பிள்ளை துவண்டது. யார் கண்ணோ என்று அவள் மிச்சத்தைக் கூட்டினாள்.

முதலில் சில சொட்டு. பிறகு ஒரு மடக்கு. பிறகு அதற்கும் மேல்.

துவளத் துவளக் கூட்டினாள்.

டாக்டரம்மா சங்கில் இன்னும் கொஞ்சம் பால் விட்டுக் கலக்கி, அவள் கையிலேயே கொடுத்தார்.

"இனிமே ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது."

இத்தனை மாதம் போனது திரும்புமா என்று கேட்க வாயெடுத்தாள். டாக்டரம்மா பிள்ளையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கேட்கவில்லை.

சங்கின் மூக்கு பிள்ளையின் உதட்டில் பட்டது. வாய் திறந்தது.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

விழுங்கும் சத்தம் கேட்டது.

அவள் திறக்கவில்லை.