டீக்கு முன்னால் மாத்திரை

மரகதம் கண் விழித்ததும் தேடுவது தன்னைத்தான் என்று டீ டம்ளருக்கு ஏகப்பட்ட பெருமை. அவளுடைய முற்றிய புற்றுநோய்க்குப் பரிசோதனையாகக் கொடுத்த புது மாத்திரையின் டப்பா வந்து அதைக் கெடுத்தது. வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ.

"பேருகூட இல்லாதவனுக்கு முதல் பந்தியா?" என்று டம்ளர் பொரிந்தது.

"நம்பர் மட்டும்தாண்ணே ஒட்டியிருக்காங்க. நோய் எனக்குக் கேக்குமான்னு இனிமேதான் தெரியும்."

டம்ளர் முகம் கொடுக்கவில்லை. நோய் வந்ததிலிருந்து மரகதத்துக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. சர்க்கரை போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். இரண்டு வாய் குடித்துவிட்டு ஒதுக்கிவிடுவாள்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதம் ஒரு காலை, முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தாள். "ஏங்க, சர்க்கரை போட மறந்துட்டீங்களா?"

புருஷன் சர்க்கரை எடுக்க ஓடினார். டம்ளர் டப்பாவின் பக்கம் திரும்பியது.

"தம்பி, நாளைக்கும் நீயே முன்னால போ."