பேராசைக்கு ஒரு குறியீடு

பொன்னையா வாத்தியார் ஒருவழியாகக் குறுநாவலை முடித்துவிட்டார். பேராசை பிடித்த தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளை ஒருவனை அதில் வறுத்து எடுத்திருந்தார். மறுநாள் அட்டன் தபாலில் கொழும்புப் பத்திரிகைப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். பரிசு தமக்குத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதற்குள் யாருக்காவது படித்துக் காட்டாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

அகப்பட்டவள் வீரம்மா. கொழுந்து பறிக்கிறவள், மகளைப் பற்றி ஏதோ கேட்க வந்திருந்தாள். அதை அப்புறம் பார்க்கலாம் என்று பள்ளிக்கூட வாங்குப் பலகையில் உட்காரவைத்து, கதை எழுதிய நோட்டுக் கொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

பறித்த கொழுந்தின் எடையில் கூடைக்கு நாலு றாத்தல், மழை ஈரத்துக்கு நாலு றாத்தல் என்று கழித்து, கணக்கப்பிள்ளை அதையெல்லாம் தன் மச்சினி பேரில் போட்டுக்கொண்ட இடத்தில், "பாவிப்பய" என்றாள் வீரம்மா. வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

முக்கியமான கட்டம் இனிமேல்தான் என்று குரலைத் தாழ்த்தினார். கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் பின்னால் கவ்வாத்து வெட்டி மட்டம் தட்டாத தேயிலைச் செடி ஒன்று, யாருக்கும் கைக்கெட்டாமல் மரமாக வளர்ந்து நிற்கிறது. அதுதான் பேராசைக்குக் குறியீடு. எந்தப் பண்டிதனுக்கும் இது தோன்றாது என்று தம்மைத் தாமே மெச்சிக்கொண்டார்.

வீரம்மா தயங்கினாள்.

"அது வெதை மரமுங்களே. வெதைக்காகத்தான் வெட்டாம விடுறது. இந்த மலை பூரா அது குடுத்ததுதானுங்க."

பதினோரு வருஷம் தோட்டத்தில் இருந்தும் தேயிலையை ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்த மனுஷர் அவர். முகம் தொங்கிப்போயிற்று. வெட்கத்தை விட்டு அவளிடமே யோசனை கேட்டார், அப்படியானால் பேராசைக்கு எதைத்தான் காட்டுவது என்று.

தனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு, வீரம்மா வந்த விஷயத்துக்கு வந்தாள். மகள் மூணாம் வகுப்புக்கு வந்தும் சிலேட்டில்தான் எழுதுகிறாளாம். தோட்டத்துத் துரை பள்ளிக்கு அனுப்பின கொப்பி ஆறு பிள்ளைகளுக்கு மட்டும் பத்தவில்லை என்று வாத்தியாரய்யா சொன்னாராமே, இந்த மாசமாவது வருமா?

வாத்தியார் மடியிலிருந்த ஆறு கொப்பிகளையும் துண்டால் மூடப் பார்த்தார். அதற்குள் வீரம்மா கடைசிக் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அதுல எழுதாத பக்கம் ரெண்டு இருக்குங்களே. கிழிச்சுக் குடுங்கய்யா, புள்ள எழுதிக்கிடும்."