தாலிச் சங்கிலி

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சில் மத்தியான வெயில் பாதி ஏறிக் கிடக்கிறது. நிழல் பக்கம் இசக்கிச்செல்வி உட்கார்ந்திருக்கிறாள். தைராய்டில் வந்த புற்று மூளைக்கும் ஏறிவிட்டது. மதுரையில் இன்று தலைக்கு ஸ்கேன் எடுத்து, கதிர்வீச்சுக் கரண்டும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மொட்டைத் தலையில் முந்தானை நிற்காமல் வழுக்குகிறது. ஸ்கேனுக்கு நகை கூடாதென்று கழற்றிய தாலிச் சங்கிலிக்குப் பதிலாக, கழுத்துத் தழும்பின் மேல் மஞ்சள் கயிறு கிடக்கிறது. புருசன் லிங்கராஜ் கலர் வாங்கி வந்து, முதலில் அவள் தங்கச்சி சுதாராணியிடம் நீட்டுகிறான். “குடி சுதா, காலையிலேருந்து ஒண்ணும் திங்கலியே நீ.” இன்னும் கட்டிக்கொடுக்காத பிள்ளை; அண்ணாந்து குடிக்கும்போது பின்னல் இடுப்பைத் தாண்டி ஆடுகிறது. கூடப்பிறந்தவள் என்றும் பாராமல் இசக்கிச்செல்விக்கு வயிறு எரிகிறது. சுதாராணி வாயைத் துடைத்துக்கொண்டு, ரவிக்கைக்குள் கிடந்த சங்கிலியை இழுக்கிறாள். அக்காவின் தாலி அவள் நெஞ்சின் மேல் மின்னுகிறது. “பஸ்ல ஒரே களவாணிப்பயலுவக்கா. பையில வைக்கப் பயமா இருந்துச்சு, அதான் கழுத்துல போட்டுக்கிட்டேன்.” கழற்றி அக்கா உள்ளங்கையில் வைக்கிறாள். பொன் இளஞ்சூடாக இருக்கிறது. “குனி, போட்டு விடுதேன்” என்கிறான் லிங்கராஜ். இசக்கிச்செல்வி குனியவில்லை. வெயில் படாத ஓரமாகப் பார்த்துச் சங்கிலியைப் பெஞ்சில் வைக்கிறாள். “இருக்கட்டும். சூடு ஆறட்டும்.”